பத்தாம் நாள் காய்ச்சல்

2017-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள் காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு பங்கு இல்லத்துக்குத் திரும்பினோம். நமது பங்குப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படித்துவந்த சிறுமி ஒருத்தியின் தாயார் வாசற்படியருகே நின்றுகொண்டிருந்தார். மகளைப் போர்வையால் மூடி இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தார். 'தோத்திரம் சாமி' என்னும் வழக்கமான வணக்கம் அன்று அவர் வாயிலிருந்து வரவில்லை.

"ஒண்ணும் வராதுன்னு கோயில்ல வச்சுச் சொன்னீங்களே சாமி. இவளைத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தோம். நெற்றி கொதித்தது. காதோரத்திலும் கழுத்திலும் செந்நிறத் தடிப்புகள் மெல்லியதாகத் தெரிந்தன. தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கான தடுப்பூசியை அச்சிறுமி போட்டுக்கொண்டு அன்றோடு பத்து நாள் ஆகியிருந்தது.

அந்தத் தாயார் சொன்னது முழு உண்மை. சில ஞாயிறுகளுக்கு முன், மறையுரை முடிந்தபின் அதே மேடையில் நின்று, "இந்த ஊசியால் எந்தத் தீங்கும் வராது, நூற்றுக்கு நூறு பாதுகாப்பானது, அஞ்சாமல் பிள்ளைகளை அனுப்புங்கள்" என்று நாம் அறிவித்திருந்தோம். அவ்வாறு அறிவிக்கக் காரணமும் இருந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், கோவா, இலட்சத்தீவு ஆகிய பகுதிகளில், ஒன்பது மாதம் நிறைந்த குழந்தை முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை அனைவருக்கும் அந்த ஊசியைப் போடும் இயக்கம் தொடங்கிற்று. கூடவே வாட்ஸ்அப் வழியாக வதந்திகளும் புறப்பட்டன. பள்ளிகளில் முகாம் நடந்த நாள்களில் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்ட பெற்றோர் பலர். அம்மாதத்தோடு முடிய வேண்டிய பணி மார்ச்சிலும் நீட்டிக்கப்பட்டதை வாசகர்களுள் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். வதந்தியை அடக்க உரத்த குரல் வேண்டும் என்று நாம் எண்ணினோம். நம்மிடம் ஒலிபெருக்கியும் இருந்தது.

சிறுமியை அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். மருத்துவர் பார்த்தார், சிறிதும் கலங்கவில்லை. இந்தத் தடுப்பூசியில் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள தட்டம்மை நுண்ணுயிர் இருக்கிறது. அது உடலுக்குள் மெல்லப் பெருகி, உடல் அதனை எதிர்க்கப் பழகிக்கொள்ளும் காலத்தில், அதாவது ஏழு முதல் பன்னிரண்டு நாள்களுக்குள், குழந்தைகளுள் சிலருக்குக் காய்ச்சல் வரும், இன்னும் சிலருக்கு இலேசான தடிப்பும் தோன்றும், ஓரிரு நாளில் தானே தணிந்துவிடும் என்று விளக்கினார். பாராசிட்டமால் மருந்து கொடுத்தார். நூறு குழந்தைகளுள் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு இவ்வாறு காய்ச்சல் வரலாம் என்பது மருத்துவ நூல்களில் உள்ள செய்தியாம்.

இவ்வளவும் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் நமக்கு வியப்பாக இருந்தது. "அப்படியானால் சுற்றறிக்கையில் ஏன் இதை எழுதவில்லை?" என்று கேட்டோம். "எழுதினா யாரும் வரமாட்டாங்க ஃபாதர்" என்றார். அவர் நல்லவர், ஊருக்கு உழைப்பவர். நாமும் அதே எண்ணத்தில்தான் மேடையேறினோம். ஆகவே அவரைக் குறைகூற நமக்கு வாயில்லை.

சிறுமி மூன்றாம் நாள் பள்ளிக்கு வந்துவிட்டாள். ஆனால் அவளுக்கு இரண்டு வயதுத் தம்பி ஒருவன் இருந்தான். அவனுக்கு ஊசி போட அந்தத் தாயார் இசையவில்லை. அதே தெருவில் வேறு சில வீட்டாரும் மறுத்துவிட்டனர். தட்டம்மை குழந்தைகளைக் கொல்லும் நோய். ரூபெல்லாவோ கருவுற்ற தாயைத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கும் நோய். இவை வராமல் காப்பதற்கு உள்ள வழியை நமது ஒரே வாக்கியத்தால் சில வீடுகளுக்கு அடைத்துவிட்டோம். ஒன்று மட்டும் எண்ணிப் பாருங்கள். "பத்தாம் நாள் வாக்கில் காய்ச்சல் வந்தாலும் வரும்" என்று நாம் முன்கூட்டியே சொல்லியிருந்தால், அதே காய்ச்சல் நமது சொல்லுக்குச் சாட்சியாக வந்து நின்றிருக்கும். சொல்லாமற்போனதால் நமக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது. காய்ச்சல் என்னவோ ஒன்றுதான்.

அன்றிரவு அந்தச் சுற்றறிக்கையை எடுத்து மீண்டும் வாசித்தோம். குருமடத்தில் இலக்கணம் கற்பித்த ஆசிரியர் அதைப் பார்த்திருந்தால் முதலில், "எழுவாய் எங்கே?" என்று கேட்டிருப்பார். 'மேற்படி தடுப்பூசியானது முற்றிலும் பாதுகாப்பானது எனவும் எவ்வித அச்சமும் கொள்ளத் தேவையில்லை எனவும் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது' என்ற வகையில் அது ஓடியது. தெரிவிப்பவர் யார்? அவர் எங்கே இருக்கிறார்? அவருக்குப் பிள்ளைகள் உண்டா? அவருக்கு இது எப்படித் தெரியும்? ஒன்றுக்கும் விடையில்லை. செயப்பாட்டு வினைக்குப் பின்னால் ஆள் மறைந்துகொண்டார். தாய்மார்கள் கைப்பேசியில் வைத்திருந்த வதந்தியையும் கேட்டு வாங்கிப் படித்தோம். அதில் எழுவாய்க்குப் பஞ்சமே இல்லை. 'என் அக்கா மகளுக்கு நேர்ந்தது. நானே கண்ணால் பார்த்தேன். உங்கள் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்' என்று ஒரு தாய் இன்னொரு தாயோடு பேசினாள். அவள் சொன்னது பொய். பேசிய முறையோ உண்மை பேசுகிறவர்களின் முறை. நாம் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, எதையோ மறைப்பவர்களின் நடையில் பேசினோம்.

இதை எழுதும்போது நம் பாட்டியின் நினைவு வருகிறது. அவர் வாழ்நாளில் பெரும்பகுதி திருப்பலி இலத்தீன் மொழியில் நடந்தது. பீடத்தில் சாமியார் செபங்களை முணுமுணுக்க, பாட்டி கீழே அமர்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருப்பாராம். புரியாத மொழிக்கு மதிப்பு கிடைக்கும். ஆனால் அது ஒலிக்கும் நேரத்தில் மக்கள் தங்களுக்குப் புரிந்த வேறொன்றைச் செய்துகொண்டிருப்பார்கள். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் தந்தது. நமது பள்ளியில் சுற்றறிக்கை வாசிக்கப்பட்டபோது பெற்றோர் செபமாலை உருட்டவில்லை, வாட்ஸ்அப்பைத் திறந்தார்கள்.

நமது பிழை ஒரு சிறுமியின் காய்ச்சலோடும் சில வீடுகளின் மறுப்போடும் நின்றது. 'ஒன்றும் வராது' என்னும் அதே சொல்லை ஒரு நகரமே கேட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் அதன்பின் தேடிப் படித்தோம்.

இத்தாலியின் நடுப்பகுதியில், அப்ரூட்சோ மலைகளுக்கிடையே லாக்குவிலா என்னும் பழைய நகரம் இருக்கிறது. திருத்தந்தை ஐந்தாம் செலஸ்தீன் முடிசூடிய கொலேமாஜ்ஜோ மாதா பேராலயம் அங்கேதான் உள்ளது. நிலநடுக்கம் அவ்வூருக்குப் புதிதன்று. 1703-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக்கிய திருநாளன்று, அந்நகரம் இடிந்து விழுந்தது. ஆகவே தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம் அங்கே இருந்துவந்தது. நிலம் அசைந்தால் பெற்றோர் பிள்ளைகளை எழுப்பிப் போர்வையோடு வெளியே கொண்டுபோய்விடுவார்கள். திறந்த வெளியிலோ காரிலோ இரவைக் கழித்துவிட்டு விடிந்தபின் வீடு திரும்புவார்கள். அந்த வழக்கம் எந்த நூலைப் படித்தும் வந்ததன்று, இழப்பிலிருந்து கற்றது.

2009-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து அங்கே சிறு நடுக்கங்கள் தொடர்ந்தன. மார்ச் 30-ஆம் நாள் அளவு 4-ஐத் தாண்டிய நடுக்கம் ஒன்று மக்களைக் கலக்கிற்று. இதற்கிடையே நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயுவை அளந்து நிலநடுக்கத்தை முன்னறியலாம் என நம்பிய தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் எச்சரிக்கை விடுத்துவந்தார். பக்கத்து ஊரான சுல்மோனாவில் அவர் சொல்லால் பீதி கிளம்பியது. சொன்னபடி அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அவ்வகைக் கலக்கத்தை அடக்க வேண்டும் என்ற நோக்கமும் சேர்ந்து, மார்ச் 31-ஆம் நாள் பேரிடர்களுக்கான தேசிய ஆணையம் லாக்குவிலாவில் கூடிற்று. நாட்டின் முதன்மையான நிலநடுக்க அறிஞர்கள் வந்திருந்தார்கள். கூட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடந்தது.

அறைக்குள் அறிஞர்கள் பேசியது பெரும்பாலும் அறிஞர்கள் பேசும் வகையிலேயே இருந்தது: பெரிய நடுக்கம் வருவது அரிது, ஆனால் வராது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. இந்த இரண்டாம் பகுதி அறையை விட்டு வெளியே வரவில்லை. வெளியே வந்தது வேறு. குடிமைப் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர், கூட்டம் தொடங்குமுன்பே, தொலைக்காட்சிச் செய்தியாளரிடம் பேசியிருந்தார். சிறு சிறு நடுக்கங்களால் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருக்கிறது, ஆகவே நிலைமை சாதகமானதே, ஆபத்தில்லை என்று அறிவியலார் தம்மிடம் உறுதி கூறுகின்றனர் என்பது அவர் சொன்னதன் சாரம். "அப்படியானால் ஒரு கிண்ணம் திராட்சை மது அருந்தலாமா?" என்று செய்தியாளர் கேட்க, அவரும் சிரித்து, எந்த ஊர் மதுவென்று பெயரும் சொன்னார். மக்கள் நினைவில் நின்றது அந்த மதுக்கிண்ணமே.

ஆற்றல் வெளியேறுகிறது என்ற அந்தக் கருத்து அறிவியலின்படியும் சரியன்று. நிலநடுக்க அளவுகோலில் ஒரு படி ஏறினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடுகிறது; இரண்டு படி ஏறினால் சுமார் 1,000 மடங்கு. அளவு 6 உள்ள ஒரு நடுக்கத்தின் ஆற்றலைச் சிறுகச் சிறுகக் கரைக்க வேண்டுமானால், அளவு 4 உள்ள நடுக்கங்கள் ஆயிரம் வந்தாக வேண்டும். ஆனால் பானையின் மூடியைச் சற்றே திறந்து ஆவியை விடும் அடுக்களைக் காட்சி அந்தச் சொற்களில் இருந்தது. கேட்டவர்களுக்கு உடனே புரிந்தது. எளிய நடை என்றால் நல்ல நடை என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். எளிமையாகச் சொல்லப்பட்ட தவறு, கடினமாகச் சொல்லப்பட்ட தவற்றைவிட நெடுந்தூரம் போகும்.

ஏப்ரல் 5-ஆம் நாள் குருத்து ஞாயிறு. அன்றிரவு 11 மணிக்குச் சற்று முன் நிலம் அசைந்தது. நள்ளிரவு தாண்டி மீண்டும் அசைந்தது. பழைய வழக்கப்படி சிலர் வெளியேறினார்கள். வேறு பலர், அறிஞர்கள் கூடிச் சொல்லிவிட்டார்களே என்று விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டார்கள். அதிகாலை 3 மணி 32 நிமிடத்துக்கு அளவு 6.3 நடுக்கம் வந்தது. 309 பேர் இறந்தனர். மாணவர் விடுதி ஒன்று இடிந்து எட்டு இளைஞர்கள் மாண்டனர். கொலேமாஜ்ஜோ பேராலயத்தின் ஒரு பகுதியும் சரிந்தது. பெரிய வெள்ளிக்கிழமையன்று, இருநூறுக்கு மேற்பட்ட சவப்பெட்டிகளை வரிசையாக வைத்து அடக்கச் சடங்கு நடைபெற்றது. திருப்பலி இல்லாத அந்நாளில் திருப்பலி நிறைவேற்ற உரோமை சிறப்பு அனுமதி தந்தது என்றால் அந்தத் துயரின் அளவை வாசகர்களே உணர்ந்துகொள்ளலாம்.

இதன் பின் நடந்த வழக்கைப் பற்றி உலகமெங்கும் தவறாகவே பேசப்பட்டது. 2012 அக்டோபரில் அறிவியலார் உள்ளிட்ட ஏழு பேருக்கு ஆளுக்கு ஆறாண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தபோது, நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லாததற்காக அறிஞர்களைத் தண்டிப்பதா என்று பலர் கொதித்தார்கள். நிலநடுக்கத்தின் நாளையும் நேரத்தையும் முன்னறிய இன்றுவரை எவராலும் இயலாது. குடும்பத்தாரை இழந்தவர்கள் அதைக் கேட்கவுமில்லை. எங்கள் தந்தையர் கற்றுத்தந்த அச்சத்தை எங்களிடமிருந்து ஏன் எடுத்துக்கொண்டீர்கள் என்பதே நீதிமன்றத்தில் அவர்கள் கேட்டதன் பொருள். 2014 நவம்பரில் மேல்முறையீட்டில் ஆறு பேர் விடுவிக்கப்பட்டனர். துணைத் தலைவருக்கு மட்டும் தண்டனை இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டு நிலைத்தது. 2015-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த அறிஞர்களுக்காகவும் நாம் வருந்துகிறோம். தம் பெயரால் சொல்லப்பட்ட வாக்கியத்தை அன்றே மறுத்து ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்றும் எண்ணுகிறோம். அப்படி எண்ணும்போதே நமது ஒலிபெருக்கியும் கண்முன் வருகிறது.

பிரிட்டனில் மாடுகளுக்கு மூளை உருக்கி நோய் வந்தபோதும் கதை இப்படித்தான். 1989-இல் அறிஞர் குழு ஒன்று, மனிதருக்கு ஆபத்து நேர்வது மிகவும் அரிது என்றும், தம் கணிப்புத் தவறானால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும் என்றும் ஒரே அறிக்கையில் எழுதியது. முதற்பாதியை எல்லாரும் எடுத்துச் சொன்னார்கள். பின்பாதி காகிதத்திலேயே தங்கிவிட்டது. 1990-இல் வேளாண்மை அமைச்சர் தம் நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சித் தின்பண்டத்தை ஒளிப்படக் கருவிகளின் முன் ஊட்ட முயன்றார். 1996 மார்ச்சில், மனிதருக்கும் அந்நோய் பரவியிருக்கக்கூடும் என்று அதே அரசு நாடாளுமன்றத்தில் அறிவிக்க நேர்ந்தது. பிரிட்டனில் மட்டும் 170-க்கும் மேற்பட்டோர் அதனால் இறந்தார்கள். 2000-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: அரசு பொய் சொல்லவில்லை, மக்கள் கலங்கிவிடக்கூடாதே என்ற கவலையே அதன் நாவை ஆண்டது. உண்மை வெளிவந்தபோது மக்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தனர். அதன்பின் உணவைப் பற்றி அரசும் அறிஞரும் சொன்ன வேறு பலவற்றையும் அவர்கள் ஐயத்தோடே கேட்டார்கள்.

"சாதாரண மக்களிடம் 'இருக்கலாம்', 'கூடும்' என்றெல்லாம் பேசினால் குழம்பிவிடுவார்கள்" என்று படித்தவர்கள் சொல்லக் கேட்கிறோம். நம் தாய்மார்களின் பேச்சை இவர்கள் காது கொடுத்துக் கேட்டதில்லை போலும். வானத்தைப் பார்த்து ஒரு கிழவி சொல்வதைக் கவனியுங்கள். 'மழை வரும்' என்பார் ஒருநாள். 'வரலாம்' என்பார் மறுநாள். 'வரும் போலிருக்கு' என்றால் கறுத்த மேகத்தை அவர் கண்டிருக்கிறார். 'வருமாம்' என்றால் வானொலியில் கேட்டிருக்கிறார். அதற்குத் தாம் பொறுப்பில்லை. நெல்லை முற்றத்தில் காயப் போடலாமா வேண்டாமா என்று மருமகள் இந்த ஒட்டுகளைக் கேட்டே முடிவு செய்கிறாள். எவ்வளவு தெரியும், எப்படித் தெரியும் என்பதை வினைச்சொல்லின் வாலிலேயே கட்டிவைத்திருக்கும் மொழி நமது மொழி. அத்தகைய மக்களிடம் போய், அவர்களுக்கு நுட்பம் புரியாது என்று நினைத்து, 'நூற்றுக்கு நூறு' என்றோம்!

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் இதனை ஆராய்ந்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஒரே செய்தியைப் பலவகையாக எழுதிக்காட்டினார்கள். 'இதில் ஓரளவு ஐயம் உண்டு' என்று பொதுப்படச் சொன்னபோது நம்பிக்கை சற்றுக் குறைந்தது. 'இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள்' என்று எண்ணால் எல்லை காட்டியபோதோ மிகச் சிறிதளவே குறைந்தது. மழுப்புவது ஒன்று, அளந்து சொல்வது வேறொன்று என்பது மக்களுக்குத் தெரிகிறது.

அளந்து சொன்னதால் பிழைத்த ஊர்களும் உண்டு. கத்தோலிக்கர் நிறைந்த பிலிப்பைன்சு நாட்டில், பினாட்டுபோ என்ற மலை ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக உறங்கிக்கிடந்தது. அது எரிமலை என்பதே சுற்றுவட்டாரத்தில் பலருக்குத் தெரியாது. 1991 ஏப்ரலில் அது புகையத் தொடங்கியது. மலைவாழ் அய்த்தா மக்களிடையே பணியாற்றிய அருட்சகோதரி ஒருவர் அந்தச் செய்தியை எரிமலை ஆய்வு நிறுவனத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிலிப்பைன்சு, அமெரிக்க அறிஞர்கள் மலையடிவாரத்தில் கருவிகளை நட்டார்கள். வெடிக்குமா, எப்போது வெடிக்கும் என்று தொடக்கத்தில் அவர்களாலும் சொல்ல இயலவில்லை. அதனால் ஐந்து படிகள் கொண்ட எச்சரிக்கை முறை ஒன்றை வகுத்துப் பொதுமக்கள் அறிய வெளியிட்டார்கள். மூன்றாம் படி என்றால் இரண்டு வாரத்துக்குள் வெடிக்கக்கூடும். நான்காம் படி என்றால் 24 மணி நேரத்துக்குள் வெடிக்கக்கூடும். ஐந்தாம் படி என்றால் வெடித்துக்கொண்டிருக்கிறது. இத்துணை எளிமை, ஆனால் வெடிக்கும்வரை 'கூடும்' என்ற சொல்லை அவர்கள் கைவிடவில்லை.

அங்கும் மக்கள் உடனே நம்பிவிடவில்லை. அதிகாரிகள் சிலர் இது வெறும் பூச்சாண்டி என்றார்கள். எரிமலைகளைப் படமெடுப்பதையே வாழ்வாகக் கொண்ட மோரிசு, காத்யா கிராஃப்ட் என்னும் பிரெஞ்சு இணையர் தயாரித்த படமொன்றை அறிஞர்கள் கொண்டுவந்து, அதிகாரிகளுக்கும் படையினருக்கும் ஊர் மக்களுக்கும் காட்டினார்கள். கொதிக்கும் சாம்பல் மலைச்சரிவில் எப்படி உருண்டு வரும் என்பதைக் கண்ணால் கண்டபின் பேச்சு அடங்கியது. (அவ்விருவரும் அதே ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் சப்பானில் உன்சென் எரிமலையில் அதே வகைச் சாம்பல் வெள்ளத்தில் சிக்கி உயிர்நீத்தார்கள்.) ஜூன் 5-இல் மூன்றாம் படி, 7-இல் நான்காம் படி, 9-இல் ஐந்தாம் படி. பல்லாயிரவர் வெளியேற்றப்பட்டனர். ஜூன் 15-ஆம் நாள் மலை வெடித்தது; அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளுள் அது ஒன்று. அன்றே புயலும் அடித்ததால் நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்து சில நூறு பேர் இறந்தது பெருந்துயரமே. எனினும் குறைந்தது 5,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று கணித்திருக்கிறார்கள். 'கூடும்' என்று சொன்னவர்களை நம்பி அம்மக்கள் வீடு வாசலை விட்டு நடந்தார்கள் என்பதை நாம் மறக்கவில்லை.

2021 ஜூன் மாதத்தில் நமது பங்கு மண்டபத்தில் கொரோனா தடுப்பூசி முகாம் நடத்த அனுமதி கேட்டார்கள். கொடுத்தோம். இம்முறை சுற்றறிக்கையை வாயிலில் ஒட்டவில்லை. மருத்துவரை உட்காரவைத்து, கேள்வி கேட்டு, அவர் சொல்லச் சொல்ல நாமே ஒரு தாளில் எழுதினோம். கை வலிக்கும், பலருக்கு ஓரிரு நாள் காய்ச்சல் வரும், ஊசி போட்டபின் அரைமணி நேரம் இங்கேயே உட்காருங்கள், ஏனெனில் மிகச் சிலருக்கு உடனே ஒவ்வாமை வரலாம், அதற்கு மருந்து இங்கே உண்டு, மிக மிக அரிதாக இரத்தம் உறையும் கோளாறு நேர்கிறது, நம் நாட்டில் அது பத்து இலட்சம் ஊசிக்கு ஒன்றுக்கும் குறைவு என்று கடந்த மாதம் ஆய்வுக்குழு கூறியிருக்கிறது, கடுந்தலைவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், ஊசியின் காப்பு எத்தனை மாதம் நிற்கும் என்று இன்னும் தெரியாது. இவ்வளவும் எழுதி, கீழே நமது பெயரையும் மருத்துவரின் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டோம். மருத்துவருக்குப் பாதி மனம்தான். "கூட்டம் வராது ஃபாதர்" என்றார் மறுபடியும். அவர் அஞ்சியது முற்றிலும் பொய்க்கவில்லை. தாளை வாசித்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் இருந்தார்கள். அவர்களுள் சிலர் மறுவாரம் வந்தார்கள், சிலர் வரவில்லை.

பத்து மணி வாக்கில் அந்தத் தாயார் வந்தார். தாளின் முன் நெடுநேரம் நின்றார். விரலை வரிமேல் வைத்து வாசித்துவிட்டு நம் பக்கம் திரும்பினார்.

"இதுல எழுதாம விட்டது ஏதாவது இருக்கா சாமி?"

சற்று யோசித்தோம். ஒன்று இருந்தது. முதல் ஊசிக்குப் பின் நமக்கே இரண்டு இரவு காய்ச்சலும் நடுக்கமும் கண்டு, ஒரு நாள் காலைத் திருப்பலி நிறைவேற்ற எழ முடியாமல் போயிற்று. கோவில் பிள்ளையைத் தவிர வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை. இப்போது அவரிடம் சொன்னோம்.

"அதையும் எழுதிடுங்க."

பேனாவை எடுத்து அடியில் ஒரு வரி சேர்த்தோம். அவர் அதையும் வாசித்தார். பிறகு போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். இளைய மகனுக்கு அம்மைத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்க நாவு எழுந்தது. அன்று கேட்கத் துணிவு வரவில்லை.